கீழ்வரி வாத்தியார்

காலை எட்டு மணிக்கு ரயில்வே பட்டறையின் சங்கு ஊதும். அது ஊதி அடங்கியதும் தம்புசாமி வாத்தியார் தம்முடைய சித்திர நோட்டின் முதல் பக்கத்தைத் திறப்பார். பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மொட்டை நுனியால் அந்தப் பக்கத்தில் வரைந்திருக்கும் தலைகளை ஒவ்வொன்றாகத் தொடுவார். தொடும்போது உதடு அசையும், சத்தம் வராது. மொத்தம் முப்பத்து நான்கு பிள்ளைத் தலைகள், ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. இருபத்து மூன்றுக்கு முகம் உண்டு. மீதிப் பதினொன்றும் பின்பக்கம் காட்டி நிற்பவை. ஒன்றில் நாடா கட்டிய இரட்டைப் பின்னல், ஒன்றில் உச்சிச் சுழி, ஒன்றில் மொட்டையடித்து மூன்று வாரமான முள்முடி. முகங்களின் மேல் பென்சில் ஓடும். பின்தலைகளுக்கு வந்ததும் நின்று நின்று போகும். ஒரு பெயரைக் கூப்பிட்டுவிட்டு, 'உள்ளேன் ஐயா' என்ற பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் ஒவ்வொன்றின்மேலும் நிற்கும். பிறகு நோட்டை மூடிவிட்டுக் கரும்பலகையைப் பார்ப்பார்.

"தலையை எல்லாப் பக்கமிருந்தும் வரைந்து பழகுகிறீர்களா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். அப்படிக் கேட்பதற்கே எனக்கு ஐந்து நாள் ஆயிற்று.

"ஆமா தம்பி," என்றார். "பின்னால இருந்து வரையிறதுதான் கஷ்டம்."

அவர் இன்னும் வேலையில் இருக்கிறார். ஆகவே தம்புசாமி என்பது நான் வைத்த பெயர். இன்னும் இரண்டொரு அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். மலாயாவில், கிள்ளானுக்குத் தெற்கே, படகில் ஏறி ஆற்றைக் கடந்து போகவேண்டிய ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவரே ஆசிரியர் என்பது மட்டும் போதும்.

முப்பத்து மூன்றாம் வருஷம் ஆகஸ்டு விடுமுறையில், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் சித்திரமும் சங்கீதமும் கற்றுத் தேறவேண்டும் என்று உத்தரவு வந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் மூன்று வார வகுப்பு. நாங்கள் நாற்பது பேர் சேர்ந்தோம். தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அங்கேயே படுத்தார்கள். நான் சாலாக் செலாத்தானில் ஒரு சின்னப் பள்ளியில் இருந்ததால் தினமும் நடந்து வந்துபோனேன்.

முதல் நாளே இன்ஸ்பெக்டர் சிவசம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொல்லிவிட்டார்: "கடைசி நாள் சோதினை. சான்றிதழ் எடுக்காத ஆளின்ரை பேர் பதிவிலை இராது. விளங்குதே?" எல்லோருக்கும் விளங்கிற்று. ரப்பர் விலை பாதாளத்தில் கிடந்த காலம். ஆசிரியர் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தையே மூடிவிடலாம் என்று காத்திருந்த தோட்டங்கள் பல.

அதற்குமேல் அதிர்ச்சி சங்கீத வகுப்பில் வந்தது. மார்க்கிரட் டீச்சர் ஆர்மோனியத்துக்குப் பின்னாலிருந்து எழுந்து, "இது அபிநயப் பாட்டு. எல்லாரும் தவளை. குந்துங்கோ!" என்றார். மீசை நரைத்த ஆசிரியர்கள், கோட்டுப் பொத்தான் போட்டவர்கள், கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக் குந்தினார்கள். நாற்பது தவளைகள் சிமெண்டுத் தரையில் பாய்ந்தன. சன்னல் ஓரம் நின்ற பால்காரர் செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் பாயவில்லை. பாய முடியாமல் குந்தியபடியே இருந்தேன். டீச்சர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "தம்பி, உமக்குத் தொண்டை எண்டு ஒண்டு இருக்கோ? காணாது, சத்தம் காணாது!" அந்தக் 'காணாது' மூன்று வாரமும் என் பின்னாலேயே வந்தது.

தம்புசாமி வாத்தியாரோ பாய்ந்த பாய்ச்சலில் ஒரு பெஞ்சைச் சாய்த்துவிட்டார். நல்ல உயரம். கருத்த முகம். காதில் எப்போதோ கடுக்கன் போட்டிருந்த ஓட்டை. கோட்டுப் பையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி ஒன்று இருக்கும். அதில்தான் எல்லோருக்கும் பென்சில் சீவிக் கொடுப்பார். அவர் பாட ஆரம்பித்ததும் கூடம் திடுக்கிட்டு நின்றது. ஆர்மோனியம் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு முறை கேட்டால் போதும், எந்த மெட்டும் எந்தச் சொல்லும் அவர் வாயில் உட்கார்ந்துவிடும். "இப்படி ஒரு குரலை வைச்சுக்கொண்டு ஏன் காணும் காட்டுக்குள்ளை இருக்கிறீர்?" என்று டீச்சர் கேட்டார்.

"காட்டுல மாடு நெறைய, டீச்சர். சத்தம் வேணும்," என்றார்.

சித்திரம் அதைவிட. ஒரு ரப்பர் இலைக்கொத்தைக் கரும்பலகையில் போட்டாரானால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். எதை வரைந்தாலும், எழுதினாலும், முடித்ததும் மூன்றடி பின்னால் வருவார். தலையை வலது பக்கம் சாய்ப்பார். கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பார். அவர் மனத்துக்கு அரைவிரல் கோணல் பட்டால் போதும். திரும்பப் போய் நேராக்கிவிட்டு வந்தால்தான் உட்காருவார்.

எழுத்தும் அப்படித்தான். அச்சுக்கூடத்தில் வார்த்தது போன்ற எழுத்து. ஆனால் கரும்பலகையில் இருப்பதை நோட்டில் எழுதும்போது கடைசி வரியை முதலில் எழுதுவார். அப்புறம் அதற்கு மேல்வரி, அதற்கும் மேல்வரி. இப்படியே ஏறித் தலைப்பில் முடிப்பார். இரண்டாம் நாளே 'கீழ்வரி வாத்தியார்' என்று பெயர் விழுந்துவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து வந்த ஓர் ஆசிரியர், "ஓய் கீழ்வரி, வீடு கட்டினா கூரையிலதான் ஆரம்பிப்பீரோ?" என்று சீண்டினார்.

"கூரையில ஆரம்பிக்கிறது நீங்கதான்லா," என்றார் தம்புசாமி. "நான் தரையை மொதல்ல போடுறேன். தரை இல்லாம மரம் எங்க நிக்கும்?"

இன்னொரு விசித்திரமும் உண்டு. எழுதத் தொடங்குமுன் என் பக்கம் குனிந்து, "தம்பி, இதுல யாரு பேராவது இருக்கா?" என்று கேட்பார். பலகையில் இருப்பது தாள வகையாக இருக்கும், அல்லது நிறங்களைக் கலக்கும் முறையாக இருக்கும். "பெயர் ஒன்றும் இல்லையே அண்ணே," என்பேன். "இல்லையே? சரி," என்று தொடங்குவார். தினம் நாலைந்து தடவை. சோதனைக்கு மனப்பாடம் செய்யவேண்டிய பெயர்களைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் அப்போது ஒரு பத்திரிகை இருந்தது. யாப்பை விட்டுவிட்டு வரியை இஷ்டம்போல் நீட்டியும் முறித்தும் எழுதும் புதுமாதிரிக் கவிதை அதில் வரும். சித்திர நோட்டுக்குள் மறைத்து வைத்துப் படிப்பேன். ஒருநாள் அதை அவர் எடுத்துக் கைநீட்டித் தூர வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி. ஆறு வளைஞ்சு போற மாதிரி."

அந்தக் கவிதையில் ஆறே இல்லை. ஆனாலும் வரிகளின் ஓரம் வளைந்து வளைந்துதான் இறங்கிற்று. நான் அதுவரை கவனிக்கவில்லை. இவரல்லவா ரசிகர் என்று அன்று முழுதும் வியந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை. நண்பகலில் எல்லோரும் சாப்பாட்டுக்குக் கலையும் நேரம் இன்ஸ்பெக்டருக்கு அவசர வேலை வந்தது. வெளியே போயிருப்பவர்களும் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று பலகையில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போனார்: 'இன்று பிற்பகல் வகுப்பு இல்லை. எல்லோரும் போகலாம்.' தோட்டத்து ஆசிரியர்கள் கூட்டமாகக் கோலாலம்பூர் பாசார் பார்க்கக் கிளம்பினார்கள். நானும் புறப்பட்டுப் பாதி வழி போனவன், பத்திரிகையை மேசையிலேயே விட்டுவிட்டது நினைவு வந்து திரும்பினேன்.

வகுப்பில் தம்புசாமி வாத்தியார் மட்டும் உட்கார்ந்திருந்தார். குளித்து, நெற்றிக்கு இட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி நேராக உட்கார்ந்திருந்தார். முன்னால் நோட்டு விரிந்திருந்தது.

"என்ன தம்பி, இன்னும் யாரையும் காணோம்?" என்றார். "மணி ரெண்டாயிருக்குமே."

நான் நோட்டைப் பார்த்தேன். 'இன்று பிற்பகல் வகுப்பு இல்லை. எல்லோரும் போகலாம்.' அவருடைய முத்து எழுத்து. இன்ஸ்பெக்டரின் கை பட்டுச் சாக்குக்கட்டி கலைந்த இடத்தில் கரியால் மெதுவாகத் தேய்த்து அந்தக் கலைசலையும் போட்டிருந்தார். பலகையின் மூலையில் ஒரு விரிசல் உண்டு. அதுவும் இருந்தது.

என் காதுக்குள் பட்டறைச் சங்கு ஊதுவது போல இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"என்ன எழுதியிருக்கு தம்பி?"

சொன்னேன்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்களுக்கு... படிக்க..." என்று ஆரம்பித்தேன்.

"வராது," என்றார்.

"கொஞ்சமும்?"

"ஒரு எழுத்தும் வராது. பாக்காத எடமில்ல, கும்பிடாத சாமியில்ல. சின்னதுல எங்கப்பாரு அடிச்சுச் சொல்லிக் குடுத்தாரு. எனக்கு அது படமாவே நின்னுடுது தம்பி. 'மா'ன்னா ஒரு மாடு படுத்திருக்கிற மாதிரி இருக்கு. பக்கத்துல இன்னொண்ணு வந்து ஒக்காந்தா மொத்தமும் வேற படமாயிடுது."

"பின்னே எப்படி வாத்தியார் வேலை..."

"அது எங்க தோட்டத்துத் துரை பண்ண வேலைலா." அவருக்கு அதைச் சொல்வதில் ஒரு குஷியே இருந்தது. "நான் பால் வெட்டுல இருந்தவன். கோயிலுக்குப் பேர்ப்பலகை வேணும்னாங்க. கிள்ளான்ல ஒரு கோயில்ல இருந்ததைப் பாத்து அப்படியே எழுதிக் குடுத்தேன். பழைய வாத்தியாரு ஊருக்குப் போயிட்ட நேரம். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனா கோணல் தெரியும், நேர் தெரியும். பலகையப் பாத்தாரு. இவ்வளவு நல்லா எழுதுறவன் கையில ஏன் பால்கத்தி இருக்குன்னு கேட்டாரு. மறுநாள் நான் வாத்தியாரு. ஏழு வருஷமாச்சு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? பொண்டாட்டி புதுச்சேலை வேற எடுத்துட்டா."

ஏழு வருஷம்! ஏழு வருஷமாக, படிக்கத் தெரியாத ஒரு மனிதர் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித் தந்துகொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது என்றுதான் சொல்லவேண்டும். வெட்கப்படுகிறவனுக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று போய்விடும். "அந்தப் பிள்ளைகள் கதி என்ன அண்ணே? அவர்களுக்கும் படிக்கத் தெரியாதுதானே?" என்று கீச்சிட்டேன்.

"அதுங்க படிக்குதே!" என்றார். அவர் முகத்தில் இருந்தது என்னுடையதைவிடப் பெரிய திகைப்பு. "பாடப் புஸ்தகம் பூரா எனக்குப் பாராம பாட வரும். மெட்டுக் கட்டி வச்சிருக்கேன். நான் பாட்டைப் பாடுவேன், அந்தப் பக்கத்தைப் பலகையில எழுதிப் போடுவேன், குச்சியால ஒண்ணொண்ணாத் தொட்டுக் காட்டுவேன். பாட்டு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். அதுங்க ரெண்டையும் எப்படியோ சேத்துக்குதுங்க, தம்பி. மூணு மாசத்துல காகிதம் கெடைச்சாப் படிக்குதுங்க. உப்புப் பொட்டலம் கட்டுன பேப்பரை வுடுறதில்ல. எனக்குத்தான் சேர மாட்டேங்குது."

பிறகு அவர் குரல் இறங்கிற்று. துரை சொல்லி அனுப்பிய செய்தியைச் சொன்னார். சான்றிதழோடு வந்தால் பள்ளிக்கூடம் இருக்கும். இல்லாவிட்டால் அந்தக் கொட்டகையில் ரப்பர் சீட்டு அடுக்கப்படும். இருபத்து மூன்று பிள்ளைகளும் புல்வெட்டுக்குப் போகும். "வேலை போனா எனக்குப் பால்கத்தி இருக்கு. அதுங்க கையில இப்பவே அதைக் குடுக்கணுமா?"

மறுநாள் காலை நான் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவருடைய அறை வாசலில் நின்றேன். அவர் நிமிர்ந்து, "என்ன தம்பி?" என்றார். "தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது ஐயா?" என்று கேட்டேன். பத்து நாளாக அந்தப் பானையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் நான். அவர் சுட்டிக் காட்டினார். போய் இரண்டு குவளை குடித்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். தம்புசாமி வாத்தியார் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து தலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தார். பதினொரு பின்தலைகளிலும் பென்சில் நின்று நின்று போயிற்று.

கடைசி நாள் சோதனை இப்படி: இருவர் இருவராக வராந்தாவுக்கு அழைப்பார்கள். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அதில் யாரும் முன்பு கேட்டிராத நாலு வரிப் பாட்டு இருக்கும். கால்மணி நேரத்தில் அதைப் படித்து மெட்டுக் கட்டி, உள்ளே போய்ப் பலகையில் எழுதி, படம் போட்டு, பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் இருபது பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். வராந்தாவில் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. பாடிப் பார்க்கலாம். கோடியில் நாற்காலி போட்டு, பனையோலை விசிறியோடு மார்க்கிரட் டீச்சர் காவல் இருந்தார்.

தம்புசாமி வாத்தியாருக்கு ஜோடி நான். அது தற்செயலா, அவர் வரிசையில் இடம் மாறி வந்து என் பின்னால் நின்றாரா என்று இன்றும் தெரியாது.

சீட்டைக் கையில் வாங்கியதும் அவர் செய்த காரியம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தன் சீட்டை என் முகத்துக்கு நேரே பிடித்தார். வேர்த்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது. 'யாரு பேராவது இருக்கா?'

சோதனை தொலைந்தால் பள்ளிக்கூடமே இல்லை. அந்த நேரத்திலும் அந்த மனிதருக்கு அதுதான் கேள்வி. நான் தலையை ஆட்டினேன், இல்லையென்று. அவர் மூச்சு விட்டார்.

எழுத்தின் உருவம் அவர் கையில் இருந்தது. ஒலிதான் இல்லை. பேசக்கூடாது, பாடலாம். ரயில் ஒன்று சத்தத்தோடு கடந்து போனது. அது போனபின் எல்லாம் அமைதியாக இருந்தது, அதுதான் பயங்கரம். நான் கண்ணை மூடிக்கொண்டு, என் சீட்டை அல்ல, அவருடைய சீட்டைப் பாடினேன்:

*தட்டான் தட்டான் எங்கே போனாய்?*
*குட்டை மேலே கோலம் போட்டேன்.*
*கோலம் போட்டால் மழையும் வருமா?*
*வாலை நனைத்துப் பார்த்துச் சொல்வேன்.*

பாட்டா அது? கத்தினேன். டீச்சரின் விசிறி நின்றது. "என்ரை கர்த்தரே!" என்றார். "மூண்டு கிழமை கழிச்சுத் தம்பி வாய் திறந்திட்டார்!" இன்னொரு முறை பாடினேன். மூன்றாம் முறை பாதியில் தம்புசாமி வாத்தியார் என்னோடு சேர்ந்துகொண்டார். நாலாம் முறை என் கரடுமுரடான மெட்டு அவர் வாயில் விழுந்து உருண்டு வேறொன்றாகிவிட்டது. என் சொந்தச் சீட்டை நான் பிரித்துப் பார்த்தபோது என் பெயரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எப்படித் தேறினேன் என்பதை விட்டுவிடுவோம். கடைசி மதிப்பெண்.

பிறகு சன்னல் ஓரம் வந்து நின்று அவருடைய முறையைப் பார்த்தேன். சீட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, பலகையின் அடியில், கடைசி வரியை எழுதினார். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நில்லும் காணும். ஏன் கீழையிருந்து எழுதுறீர்?"

தம்புசாமி வாத்தியார் திரும்பவில்லை. "மேல இருந்து எழுதினா புள்ளைங்க முந்திக்கிட்டு ஓடிடுதுங்கய்யா. கீழ இருந்து வந்தா, மேல என்ன வரப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருக்கும்."

இருபது பிள்ளைகளும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்துக்கொண்டுதான் இருந்தன. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார்.

நாலு வரியும் ஏறி முடிந்தது. குட்டைமேல் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. தண்ணீரில் அதன் வால் தொட்ட இடத்தில் வளையம் வளையமாக மூன்று கோடு. வாத்தியார் மூன்றடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, ஒரு வளையத்தை அழித்து நேராக்கினார். இன்ஸ்பெக்டர் எழுந்து போய்ப் பிரம்பால் இரண்டாம் வரியின் நடுவே ஒரு சொல்லைத் தொட்டார்.

"இதை வாசியும்."

தம்புசாமி வாத்தியார் அந்தச் சொல்லைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவர் பார்த்தது ஒரு படம். ஒரு நொடி. பிறகு அவர் பலகைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"ஐயா கேக்குறாரு. யாரு சொல்லுவீங்க?"

"கோலம்!" என்று இருபது குரலும் கத்தின.

"காதுல விழல."

"கோ... ல... ம்!"

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். "தான் சொல்லாமல் பிள்ளையளைக் கொண்டு சொல்விக்கிறான் பாருங்கோ! இதெல்லோ படிப்பிக்கிறது!" என்று டீச்சரிடம் சொன்னார். தம்புசாமிக்கு முதல் மதிப்பெண். அடுத்த வருஷ வகுப்பில், கரும்பலகையில் கீழ்வரியிலிருந்து எழுதும் முறையை எல்லா ஆசிரியர்களும் பழகவேண்டும் என்று இன்ஸ்பெக்டரே நின்று சொல்லிக்கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். பத்தாங் பெர்ஜுந்தாய் ஆசிரியர் கூரையை விட்டுவிட்டுத் தரையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

சான்றிதழை வாங்கிய அன்று தம்புசாமி வாத்தியார் அதை என்னிடம் நீட்டினார்.

"இதுல பேரு இருக்கா தம்பி?"

"இருக்கிறது அண்ணே. உங்கள் பெயர்."

"என் பேரு மட்டும்தானே?"

"உங்கள் பெயர் மட்டும்தான்."

மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு கிள்ளான் ரயில் ஏறினார்.

அதற்கு அடுத்த வருஷம் கிள்ளான் ரயில் நிலையத்தில் ஒரு மரப்பெட்டியைப் பார்த்தேன். சிலேட்டு வாங்கிப்போக வந்த காலிப்பெட்டி. அதன்மேல் தோட்டத்தின் பெயர் தமிழில் எழுதி, சுற்றிலும் மல்லிகைக் கொடி ஓடியிருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி உட்கார்ந்திருந்தார். நாகையா என்று சொல்லலாம். "வாத்தியார் எழுத்தா?" என்று கேட்டேன். பெரிய தைரியம்தான்.

"அவரேதான். தெரியுமா உங்களுக்கு?" என்று அவர் இடம் விட்டு உட்கார்ந்தார். "எழுத்து முத்து சார். மனசுதான் கல்லு."

"ஏன்?"

"முப்பத்திரண்டுல ஆள் கொறைச்சாங்கல்ல? எங்க தோட்டத்துல ஒம்போது குடும்பம். கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்பணும்னு உத்தரவு. பெரட்டுக் களத்துல, காலையில ஆளுங்க கூடுற எடத்துல, பட்டியல் மாட்டணும்னாரு துரை. மாட்டுற வரைக்கும் மூச்சு வுடக்கூடாதுன்னும் சொல்லிட்டாரு. நான் கிறுக்கி வச்சிருந்ததை வாத்தியாருகிட்ட குடுத்து, வேற ஒண்ணும் சொல்லாம, அழகா எழுதிக் குடுங்கன்னேன். மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நன்கொடைப் பட்டியல் எழுதுவாரு பாருங்க, அதே மாதிரி சுத்தி வரப் பூக்கொடி, மேல ரெண்டு மயிலு. பெரியவங்க பேரு, புள்ளைங்க பேரு, எல்லாம் வரிசையா. அவருகிட்டப் படிச்ச புள்ளைங்க மட்டும் பதினொண்ணு. அந்தப் பேரையெல்லாம் எழுதும்போது கை நடுங்கியிருக்க வேணாமா? என்னை ஒரு வார்த்தை கேக்கல."

அவருக்குப் படிக்க வராது என்று நான் சொன்னால் வாத்தியாருடைய வேலை போகும்.

"அதுகூடப் பரவால்ல சார்," என்றார் நாகையா. "பெரட்டுக்கு ஆளுங்க வந்து நிக்குது. இவரே ஆணியும் சுத்தியலும் கொண்டாந்து மாட்டினாரு. மொதல் வரியப் படிச்சிட்டுப் பொம்பளைங்க மாரடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிக்கிறதுக்கு முந்தி, மூணடி பின்னால போயி, தலையைச் சாச்சு, கோணலா இருக்கான்னு பாத்தாரு. ஒரு பக்கம் அரைவிரல் எறங்கி இருந்துச்சு போல. திரும்பப் போயி நேராக்கிட்டு வந்தாரு."